80 ரூபாயும் ஒரு மொட்டைமாடியும்: லிஜ்ஜத் அப்பளத்தை முன்வைத்து வீட்டுத் தொழில் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

“அப்பளம் இட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்தாள்” என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டால், தமிழ்நாட்டில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. கணவனை இழந்தவள், பள்ளிப் படிப்பு இல்லாதவள், வாசற்படி தாண்டி வேலைக்குப் போகக் குடும்பம் இடம் கொடுக்காதவள், ஆனால் கையில் ஒரு தொழில் இருந்தவள் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. என் பெரியம்மா ஸ்ரீரங்கத்தில் அப்படிப் பிழைத்தவர். உளுந்து மாவில் அப்பளக்காரமும் உப்பும் பிரண்டைச் சாறும் சேர்த்து உலக்கையால் இடிப்பார். இடித்த மாவை நீளமாக உருட்டி, எண்ணெய் தடவி, நூலால் ஒரே அளவுத் துண்டுகளாக அறுப்பார். துண்டைப் பலகையில் வைத்துக் குழவியை ஓட்டினால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரியும் அளவுக்கு அப்பளம் மெலிந்து வரும். கூடத்தில் பழைய வேட்டியை விரித்து நிழலில் உலர்த்தி, கடைசியில் சற்று வெயில் காட்டி, நூறு நூறாக அடுக்கிக் கட்டுவார். இவ்வளவும் சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் மாமியாரைக் கவனிப்பதற்கும் இடையில் நடக்கும்.

வீட்டிலிருந்தே தொழில் செய்ய வேண்டும் என்ற ஆசை இன்று முன்னெப்போதையும் விடப் பரவலாக இருக்கிறது. கைப்பேசியில் ஆர்டர் வாங்கிக் கூரியரில் அனுப்பிவிடலாம் என்ற வசதி வந்த பிறகு, பொடி, தொக்கு, தையல், ஆரி வேலை, பிறந்தநாள் கேக் என்று தெருவுக்கு இரண்டு வீடுகளாவது ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கின்றன. அந்த ஆசையின் வேர் எங்கே இருக்கிறது, அது எந்த நிலையில் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது, எந்த நிலையில் ஒரு பெண்ணின் உழைப்பைச் சத்தமில்லாமல் தின்றுவிடுகிறது என்பதை ஆராய, மும்பையில் 1959இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் ‘ஸ்ரீ மஹிளா கிருஹ உத்யோக் லிஜ்ஜத் பாபட்’ என்ற நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். அதன் வரலாறு பலமுறை வெற்றிக் கதையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டில் எந்த வேலையை வைப்பது, எந்த வேலையை வீட்டுக்கு வெளியே வைப்பது என்று அந்தப் பெண்கள் வகுத்துக்கொண்ட பிரிவினையில்தான் அதன் உண்மையான பாடம் இருக்கிறது என்பது என் கருத்து. கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மாடியில் தொடங்கிய வேலை

1959 மார்ச் 15ஆம் நாள், தென் மும்பையின் கிர்காவ் பகுதியில் லோஹானா நிவாஸ் என்ற பழைய குடியிருப்பின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். மகாராஷ்டிரமும் குஜராத்தும் அப்போது பிரிந்திருக்கவில்லை; அந்தப் பிரிவினை அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான் நடந்தது. எழுவரும் நடுத்தர, கீழ்நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்த இல்லத்தரசிகள். பெரிய படிப்பு இல்லாதவர்கள். சமையலைத் தவிர விற்கத்தக்க திறமை எதுவும் தங்களிடம் இல்லை என்று எண்ணியவர்கள். முதலீடாக அவர்களிடம் இருந்தது 80 ரூபாய். அதுவும் கடன். கோகலே 1905இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கம் என்ற சமூகத் தொண்டு அமைப்பைச் சேர்ந்தவரும், ‘சகன்பாபா’ என்று அன்போடு அழைக்கப்பட்டவருமான சகன்லால் கரம்சி பாரேக் அந்தத் தொகையைக் கொடுத்தார். நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ஓர் அப்பள வியாபாரத்தை ஏற்றுக்கொண்டு, வேண்டிய சாமான்களை வாங்கி, முதல் நாளில் 4 பாக்கெட் அப்பளம் செய்து, பூலேஷ்வர் பகுதியில் தெரிந்த வியாபாரி ஒருவரிடம் விற்றார்கள்.

தொடக்கத்திலேயே அவர்கள் எடுத்த இரண்டு முடிவுகளைக் குறிப்பிட வேண்டும். நன்கொடை வாங்குவதில்லை என்பது ஒன்று. நஷ்டம் வந்தாலும் பிறரிடம் கையேந்துவதில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். மற்றொன்று தரத்தைப் பற்றியது. முதலில் இரண்டு தரங்களில் அப்பளம் செய்து, ஒன்றை மலிவாக விற்கலாம் என்று எண்ணியிருந்தார்கள். ஒரே தரத்தில், நல்ல தரத்தில் மட்டும் செய்யுங்கள் என்று சகன்பாபா சொன்னதை ஏற்று, அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். தொழிலைத் தொழிலாகவே நடத்த வேண்டும், கணக்கைச் சரியாக வைக்க வேண்டும் என்பதும் அவர் வற்புறுத்திய செய்தி. வீட்டில் செய்யும் பொருளுக்கு வாங்குபவர் இரக்கப்பட்டுக் காசு கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. “பாவம், வீட்டிலேயே செய்கிறாள், வாங்கிக்கொள்வோம்” என்ற பேச்சு எல்லோருக்கும் பரிச்சயம். அந்த இரக்கம் இரண்டு முறை வாங்க வைக்கும், மூன்றாவது முறை வாங்க வைக்காது. கிர்காவின் பெண்கள் அந்த இரக்கத்தை முதல் நாளிலேயே மறுத்துவிட்டார்கள் என்பதை அவர்களுடைய பெரிய துணிச்சலாகக் கருதுகிறேன்.

மூன்று மாதங்களுக்குள் ஏறத்தாழ 25 பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். பிறகு மழை வந்தது. மும்பையின் மழை ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை விடாது. மொட்டைமாடியில் உலர்த்துவதற்கு வழியில்லை. நான்கு மாதங்கள் உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் ஆண்டின் மொத்த விற்பனை 6,196 ரூபாய். இதை நான் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலை நடந்த எட்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 775 ரூபாய்க்கும் குறைவு. அதை 25 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 31 ரூபாய். அதுவும் விற்பனைத் தொகை; உளுந்தும் பெருங்காயமும் மிளகும் போக மிஞ்சியது அதிலும் குறைவு. வீட்டுத் தொழிலில் இறங்குபவர்கள் இந்த முதல் ஆண்டை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்த மழைக்காலத்துக்கு அவர்கள் கண்ட வழி மிக எளியது. ஒரு கட்டிலையும் ஓர் அடுப்பையும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கட்டிலுக்குக் கீழே அடுப்பை வைத்து, அந்தச் சூட்டில் உலர்த்தினார்கள். அடைமழையிலும் வேலை நிற்கவில்லை. இந்தக் கட்டிலைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பெரியம்மா வீட்டு ஐப்பசி மாதங்கள் நினைவுக்கு வந்தன. தூறல் விழுந்த நாள்களில் இட்ட அப்பளங்களை முறத்தோடு தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் தாழ்வாரத்துக்குமாக அவர் ஓடுவார். ஈரம் வாங்கிய அப்பளம் பூசணம் பிடித்துவிட்டால் அந்த வார உழைப்பு குப்பைக்குப் போகும். அவரிடமும் கட்டிலும் அடுப்பும் இருந்தன. ஆனால் தனியாக இருந்த அவர், மழை நாள்களில் வேலையை விட்டுவிடுவதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. அவரோடு உட்கார்ந்து யோசிக்க யாரும் இல்லை.

மாவு மட்டும் வீட்டுக்குப் போனது

மூன்றாம் ஆண்டு முடிவில் உறுப்பினர்கள் 300 பேரைத் தாண்டினார்கள். அத்தனை பேரும் ஒரு மாடியில் உட்கார்ந்து இட முடியாது. அப்போதுதான் இந்த நிகழ்வின் முக்கியமான திருப்பம் ஏற்பட்டது. பிசைந்த மாவை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அவரவர் வீட்டில் இட்டு உலர்த்திக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்த அப்பளங்களை மையத்தில் எடைபோட்டுப் பாக்கெட் கட்டினார்கள். ஆக, லிஜ்ஜத் ஒரு வீட்டுத் தொழிலாகத் தொடங்கவில்லை. ஏழு பேர் ஒரு பொது இடத்தில் கூடிச் செய்த வேலையாகத் தொடங்கி, இடம் போதாமல் வீடுகளுக்குள் நுழைந்தது. இந்த வரிசை முக்கியமானது. வீடுகளுக்குள் நுழைவதற்கு முன்பே பொதுவான கணக்கும் பொதுவான தரமும் பொதுவான பெயரும் உருவாகத் தொடங்கியிருந்தன. ‘லிஜ்ஜத்’ என்ற பெயர்கூட உறுப்பினர்களிடையே நடத்திய போட்டியில் 1962இல் தேர்வானது. குஜராத்தியில் சுவை என்று பொருள்படும் அந்தச் சொல்லைச் சொன்னவருக்குக் கிடைத்த பரிசு 5 ரூபாய்.

இன்று ஒரு கிளையில் நடப்பதைப் பார்த்தால் அந்தப் பிரிவினை தெளிவாகப் புரியும். விடிவதற்கு முன்பே கிளை இயங்கத் தொடங்கிவிடுகிறது. மாவு பிசையும் பொறுப்பில் உள்ள பெண்கள் முதலில் வந்து வேலையைத் தொடங்குகிறார்கள். உறுப்பினர்களை அழைத்துவரச் சிறு பேருந்துகள் போகின்றன. முந்தின நாள் வாங்கிப் போன மாவில் இட்டு உலர்த்திய அப்பளங்களை ஒவ்வொரு பெண்ணும் கொண்டுவந்து கொடுக்கிறார். மாவின் எடைக்கும் அப்பளத்தின் எடைக்கும் கணக்குப் பார்க்கப்படுகிறது. வட்டம், கனம், உலர்ந்த பதம் ஆகியவை சரிபார்க்கப்படுகின்றன. இட்டதற்கான கூலி கையில் கொடுக்கப்படுகிறது. அன்றைய மாவை வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரத்துக்கு அவர் வீடு திரும்பிவிடலாம்.

உளுந்தை வாங்குவது, பெருங்காயத்தையும் மிளகையும் வாங்குவது, அவற்றின் விலையைப் பேசுவது, மாவை ஒரே பதத்தில் பிசைவது, பாக்கெட் கட்டுவது, கடைகளுக்கு அனுப்புவது, வர வேண்டிய பணத்தை வசூலிப்பது ஆகிய எதுவும் வீட்டுக்குள் நுழைவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மியான்மரிலிருந்து வரும் உளுந்து, ஆப்கானிஸ்தானத்துப் பெருங்காயம், கேரளத்து மிளகு என்று மூலப்பொருள்களை மையமாக வாங்கிக் கிளைகளுக்குக் கொடுப்பதால்தான் ஒரு கிளையின் அப்பளத்துக்கும் இன்னொரு கிளையின் அப்பளத்துக்கும் சுவையில் வேறுபாடு இல்லை. வீட்டுக்குள் போவது இடும் வேலையும் உலர்த்தும் வேலையும் மட்டுமே. இவை இரண்டும் நடுவில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாலும் கெடாத வேலைகள். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடன் வசூலிக்கவோ உளுந்து மொத்த விலைக்குப் பேரம் பேசவோ முடியாது. ஆனால் குழந்தையை மடியருகே உட்கார வைத்துக்கொண்டு பத்து அப்பளம் இட முடியும்.

இந்த ஏற்பாடு வீட்டின் மீது சில நிபந்தனைகளையும் விதிக்கிறது. சேரும் பெண் உறுதிமொழி கொடுக்க வேண்டும். வீட்டில் சுத்தமாக இட்டு உலர்த்துவதற்கு இடம் இருக்க வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்கு வந்து சுத்தத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மும்பையில் இந்த இட நிபந்தனை எளிதானதன்று. தாராவியின் சந்துகளில் நடந்தவர்கள், கவிழ்த்து வைத்த மூங்கில் கூடைகளின் முதுகில் அப்பளங்கள் காய்வதைப் பார்த்திருப்பார்கள். ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் உலர்த்த இடமில்லாததால், வாசலுக்கு முன்னால் உள்ள இரண்டடிச் சந்தே உலர்களம் ஆகிறது. வீட்டில் இடமில்லாத உறுப்பினர்களுக்கு மாவு பிசைவது, பாக்கெட் கட்டுவது போன்ற வேலைகளைக் கிளையிலேயே கொடுக்கிறார்கள். ‘வீட்டிலிருந்தே தொழில்’ என்று நாம் எளிதாகச் சொல்லும்போது, தொழிலுக்கு ஒரு மூலையை ஒதுக்கித் தரக்கூடிய வீடு இருப்பதாக எண்ணிக்கொண்டுதான் பேசுகிறோம். அந்த மூலை இல்லாதவர்களும் ஏராளமாக இருக்கிறார்கள்.

ஏன் இந்த ஈர்ப்பு

ஏழு பேர் மூன்று ஆண்டுகளில் 300 பேரானதற்குக் கூலியின் அளவு காரணமாக இருந்திருக்க முடியாது. முதல் ஆண்டுக் கணக்கு அதைக் காட்டிவிட்டது. அவர்களை இழுத்தவை வேறு.

முதலில் அனுமதி. ஒரு பெண் வேலைக்குப் போகலாமா என்ற கேள்வி குடும்பத்தில் எழுந்தால் கணவர், மாமனார், மைத்துனர் என்று பலரும் அதில் கருத்துச் சொல்வார்கள். அப்பளம் இடுவது அந்தக் கேள்வியையே எழுப்புவதில்லை. வீட்டில் எப்போதும் செய்யும் வேலைதானே, சற்று அதிகமாகச் செய்கிறாள் என்று விட்டுவிடுவார்கள். இது பெண்ணுக்குச் சாதகமான தந்திரமா, அவளுடைய உழைப்பு மறைந்துபோவதற்கான வாசலா என்று கேட்டால், இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். என் பெரியம்மா எத்தனையோ ஆண்டுகள் உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆனாலும் உறவினர் வீட்டுப் பேச்சுகளில் “அவள் வீட்டில்தான் இருக்கிறாள்” என்றே சொல்லப்பட்டார். அதைக் கேட்டு அவர் ஒருபோதும் மறுத்துப் பேசியதில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

அடுத்தது பணத்தின் போக்கு. மாதக் கடைசியில் மொத்தமாக வரும் சம்பளம் பல வீடுகளில் வந்த நாளிலேயே குடும்பத் தலைவரின் கைக்குப் போய்விடும். நாள்தோறும் கொஞ்சமாகக் கிடைக்கும் கூலி அப்படிப் போவதில்லை. காய்கறிக்கும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் போக மிஞ்சியது அரிசிப் பானைக்குள்ளோ சேலைகளுக்கு அடியிலோ போகும். பணம் சிறியதாக இருந்தாலும் அதை என்ன செய்வது என்று தீர்மானிப்பவள் அவளே.

நேரத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள்; அது உண்மையும்கூட. நம் விருப்பப்படி வேலை செய்யலாம் என்பது வீட்டுத் தொழிலின் முதல் கவர்ச்சி. ஆனால் கிர்காவின் முறையில் அந்தச் சுதந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. நாளைக் காலை அப்பளத்தோடு கிளைக்கு வந்தாக வேண்டும். அந்த எல்லைதான் வேலையைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். எல்லையில்லாத நேரம் வீட்டில் இருக்கும் பெண்ணுக்குக் கிடைத்தால், அதை வீட்டிலுள்ள மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். “நாளைக் காலை கொடுக்க வேண்டும்” என்று சொல்ல ஒரு காரணம் இருந்தால், மதியம் இரண்டு மணி நேரத்தையாவது அவள் தனக்கென்று கேட்டுப் பெறலாம். விடியற்காலையில் கிளைக்குப் போகும் அந்த நடைக்கும் இன்னொரு பயன் உண்டு. அங்கே நாற்பது ஐம்பது பெண்களைப் பார்க்கிறாள். குஜராத்தியில் சகோதரியைக் குறிக்கும் ‘பென்’ என்ற சொல்லைப் பெயரோடு சேர்த்து அவளை அழைக்கிறார்கள். விலைவாசியும் வீட்டுச் சண்டையும் பிள்ளையின் காய்ச்சலும் பேசப்படுகின்றன. வீட்டிலேயே அடைந்து தொழில் செய்பவர்களுக்கு இல்லாத துணை அது.

எல்லாவற்றுக்கும் மேலாக உரிமை. லிஜ்ஜத்தில் சேரும் பெண் கூலிக்காரி இல்லை; உடைமையாளர்களில் ஒருவர். உறுப்பினர்கள் பெண்களாக மட்டுமே இருக்க முடியும். கணக்கெழுதுவது, வண்டி ஓட்டுவது போன்ற வேலைகளுக்கு ஆண்கள் சம்பளத்துக்கு இருக்கலாம்; அவர்களுக்கு உடைமையும் வாக்கும் இல்லை. ஒரு கிளையின் லாபமும் நஷ்டமும் அந்தக் கிளையின் உறுப்பினர்களைச் சேரும். பகிர்வில் பழையவர், புதியவர் என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. நிர்வாகத்தை 21 பேர் கொண்ட குழு நடத்துகிறது. அதில் இருப்பவர்களும் அப்பளம் இட்டு வந்தவர்களே.

அதே கூடம், வேறு கணக்கு

இந்த உரிமை எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை அறிய, திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் பீடி சுற்றும் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே தொழில்முறை. அங்கும் மூலப்பொருள் வெளியிலிருந்து வருகிறது. இலையும் தூளும் நூலும் பீடிக் கடையில் கொடுக்கப்படுகின்றன. அங்கும் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே, குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். அங்கும் முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுத்து அடுத்த நாளுக்கான சரக்கை வாங்கி வருகிறார்கள். ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலி வேறொருவர் தீர்மானித்தது. கொடுத்த இலை போதாவிட்டால் கைக்காசில் இலை வாங்கிப் போட்டுக் கணக்கை நிரப்ப வேண்டும். சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி இல்லை. கழிப்பவர் சொல்வதே தீர்ப்பு. லிஜ்ஜத்திலும் சரியில்லாத அப்பளத்தை ஏற்றுக்கொள்வதில்லை. அங்கே தரம் பார்ப்பவர் இன்னொரு உறுப்பினர், கழித்ததால் காப்பாற்றப்படும் பெயரும் இருவருக்கும் பொதுவானது.

லிஜ்ஜத் சங்கமாகப் பதிவானது 1966 ஜூலையில். பீடித் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1966இல். வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்று அந்தச் சட்டம் ஏற்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வீட்டிலிருந்தே கூலிக்குச் செய்யும் வேலைக்கான 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது முப்பது ஆண்டுகள் கழித்து, 1996இல். இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. வீட்டில் செய்யும் வேலையை வேலை என்று ஏற்க அரசுகளுக்கு எவ்வளவு தயக்கம் என்பதற்கு இந்த ஆண்டுகளே சான்று. கிர்காவின் பெண்கள் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. ஆனாலும் அரசின் கை அவர்களுக்கு உதவியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1966 செப்டம்பரில் காதி கிராமத் தொழில் ஆணையம் லிஜ்ஜத்தைக் கிராமத் தொழிலாக அங்கீகரித்து, நடைமுறை மூலதனமாக 8 லட்சம் ரூபாய் அளித்தது. சில வரிவிலக்குகளும் கிடைத்தன. நன்கொடை வாங்காதவர்கள் இதை வாங்கினார்கள். அதில் முரண்பாடு ஏதும் எனக்குத் தெரியவில்லை. தொழிலுக்கு மூலதனம் வேண்டும்.

வளர்ந்ததும் வளராததும்

1962–63இல் ஆண்டு விற்பனை 1.82 லட்சம் ரூபாயை எட்டியது. முதல் ஆண்டைப்போல ஏறத்தாழ 29 மடங்கு. மகாராஷ்டிரத்துக்கு வெளியே முதல் கிளை 1968இல் குஜராத்தின் வாலோடில் தொடங்கியது. 2021இல் நிறுவனர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டபோது, சுமார் 45,000 பெண்கள், 1,600 கோடி ரூபாய் விற்றுமுதல் என்று செய்திகள் குறிப்பிட்டன. இந்தத் தொகையைத் தலைக்குப் பிரித்தால் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் விற்பனை என்று வருகிறது. இதிலிருந்து உளுந்து விலையும் பிற செலவுகளும் போக மிஞ்சுவதே உறுப்பினர்களுடையது. அப்பளம் இடும் ஒருவர் அதைக் கொண்டு செல்வந்தர் ஆவதில்லை. குடும்பத்தின் இன்னொரு வருமானத்தோடு சேர்ந்து அது வீட்டை நிமிர்த்துகிறது. தனித்து நிற்கும் பெண்ணுக்கு அது இறுக்கமான வாழ்க்கைதான்.

எல்லா முயற்சிகளும் பலிக்கவில்லை. 1961இல் மும்பையின் புறநகரான மலாடில் கிளை தொடங்கிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. அப்பளத்தைத் தவிர அவர்கள் செய்து பார்த்த பொருள்களில் மசாலாவும் கோதுமை மாவும் நிலைத்தன. தீப்பெட்டி, ஊதுபத்தி, தோல்பொருள் ஆகியவற்றைச் செய்து பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் எதையும் விற்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்கள் சிறுமிகளாக இருந்தபோதே கைவந்த பொருள் அப்பளம். நல்லதையும் கெட்டதையும் வாயில் வைத்தவுடன் அவர்களுக்குத் தெரியும். தோல்பொருளில் அந்த அறிவு எங்கிருந்து வரும்?

இன்றைய சமையலறையில்

எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் தாம்பரத்துக்கு அருகே வீட்டிலேயே பருப்புப் பொடியும் புளியோதரைக் காய்ச்சலும் செய்து விற்கிறார். அண்மையில் அவருடைய கணக்கை உட்கார்ந்து பார்த்தோம். மிளகாய், தனியா, பருப்பு, எண்ணெய், பாட்டில், லேபிள், கூரியர் என்று ஒவ்வொன்றையும் பைசா தவறாமல் எழுதியிருந்தார். எரிவாயு வீட்டுக் கணக்கில் இருந்தது. வறுத்த நேரம், அரைத்த நேரம், இரவு பதினொரு மணிக்கு “அக்கா, எப்போ வரும்?” என்று கேட்ட வாடிக்கையாளருக்குப் பதில் எழுதிய நேரம் எதுவும் எங்கும் இல்லை. அவருடைய நேரத்துக்கு மணிக்கு 60 ரூபாய் என்று போட்டு விலையைத் திரும்பக் கணக்கிட்டபோது, கால் கிலோ பொடியை நஷ்டத்துக்கு விற்றுவந்தது தெரிந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ விலையை ஏத்தினா வாங்குவாங்களா அண்ணா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பக்கத்துத் தெருவில் அதே பொடியை அதே விலைக்கு இன்னொரு பெண் விற்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்து விலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிர்காவில் ஏழு பேரும் தனித்தனியாக அப்பளம் இட்டு பூலேஷ்வருக்குக் கொண்டுபோயிருந்தால், அந்த வியாபாரி ஏழு பேரிடமும் ஏழு விலை பேசியிருப்பார். தாம்பரத்தில் இருவரும் மிளகாயை மொத்தமாக வாங்கி, ஒரே இயந்திரத்தில் அரைத்து, ஒரே பெயரில் விற்றால் என்ன என்று கேட்டேன். “அவங்க கைப்பக்குவம் வேற, என் கைப்பக்குவம் வேற” என்றார். அது நியாயமான மறுப்புத்தான். லிஜ்ஜத்தின் பெண்கள் முதலில் விட்டுக்கொடுத்தது அந்தத் தனிக் கைப்பக்குவத்தையே. மாவு ஒரே இடத்தில் பிசையப்பட வேண்டும் என்று முடிவெடுத்த நாளில் ஒவ்வொருவரும் தன் வீட்டு அளவையும் தன் தாய் சொன்ன பதத்தையும் விட்டுவிட்டார்கள். அதை விட மனமில்லாதவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. ஆனாலும் மிளகாய் வாங்குவதையாவது சேர்ந்து செய்யலாம், விலையையாவது பேசி வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது, அடுத்த வாரம் போய்ப் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.

பெரியம்மா கண்பார்வை மங்கிய ஆண்டில் அப்பளம் இடுவதை நிறுத்தினார். பலகையும் குழவியும் பரணுக்குப் போயின. அவருக்குப் பின் வீட்டைக் காலி செய்தபோது ஒரு நீள நோட்டு கிடைத்தது. எந்த வீட்டுக்கு எத்தனை நூறு, எந்த வீட்டில் பாக்கி எவ்வளவு, உளுந்து என்ன விலை, எந்தக் கடையில் வாங்கியது என்று பென்சிலில் வரி வரியாக எழுதியிருந்தார். கல்யாண வீடுகளுக்குக் கொடுத்தவை தனிப் பக்கத்தில் இருந்தன. அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டிப் பார்த்தேன். அவருக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூலியாக எழுதப்பட்டிருக்கவில்லை.